பால் ஜீப்புக்கு இன்ஜின் மாற்றிய பன்னிரண்டு நாள்

இன்ஜின் மாற்றுவது என்றால் நாலு போல்ட்டைக் கழற்றிப் பழசை இறக்கி, புதுசை ஏற்றி, அதே நாலு போல்ட்டை மாட்டுவதுதான் என்று நம்புகிறவர்கள் இரண்டே வகை: வண்டிக்காரர்கள், வண்டிக்காரர்களின் மச்சான்கள். ஷெட் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெக்கானிக்காகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. தையல் மிஷினோ மிக்சியோ, அடுத்தவர் பொருளை வாங்கி வைத்துப் பழுது பார்த்துக் கொடுக்கிற யாருக்கும் ஒரு முனிரத்தினம் அண்ணன் வாய்த்திருப்பார். என்னுடையவரைச் சொல்கிறேன், உங்களுடையவரோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐயம்பேட்டை ரோட்டில் என் ஷெட். இன்ஜின் தூக்க ஒரு செயின் பிளாக், ஒரு தகரக் கூரை, வேலைக்கு நான் ஒருவன். பக்கத்துக் கதவு லேத் பட்டறை பாபு பாயுடையது. என்னிடம் ஒரு குறை உண்டு, மெதுவாகப் பேசுவேன். "முடியாது" என்று நான் சொல்வது பல சமயம் எனக்கு மட்டும்தான் கேட்கும். எதிரில் நிற்பவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். கீழே வருவதில் பாதி அப்படி வந்ததுதான்.

குறையே இல்லாத வண்டி

புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை, முனிரத்தினம் அண்ணனின் டீசல் ஜீப்பை ஒரு டிராக்டர் கட்டி இழுத்து வந்து என் வாசலில் விட்டது. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப். பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பால் கேன் அடுக்க இரும்புச் சட்டம் போட்டிருந்தார்கள். அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். பாலாற்றங்கரைப் பக்கம் ஏரியை ஒட்டிய ஊர். "ஒண்ணுமில்ல தம்பி, லேசா பாத்து வுடு" என்றார்.

தள்ளி ஸ்டார்ட் செய்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். சாம்பிராணி போட்ட வீடு மாதிரி குப்குப்பென்று புகை. சிலிண்டரில் தங்க வேண்டிய காற்றெல்லாம் பிஸ்டன் ஓரமாகக் கசிந்து கீழே இறங்கி இந்த வாய் வழியாக வெளியேறுகிறது என்று அர்த்தம். ஏற்கெனவே இரண்டு முறை சிலிண்டரைக் கடைந்து போர் போட்டாயிற்று. இனிக் கடைவதற்கு அதில் இரும்பு இல்லை. ஆயில் எவ்வளவு குடிக்கிறது என்று கேட்டேன். இரண்டு நாளைக்கு ஒரு லிட்டர் என்றார், டீ குடிக்கிற கணக்கைச் சொல்வது போல. அண்ணே, இது ஆயுசு முடிந்த இன்ஜின், மாற்றித்தான் ஆக வேண்டும் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்ஜின மாத்தறதா? வண்டியில ஒரு கொறையும் இல்ல தம்பி. ஸ்டார்ட் ஆவாது, இழுக்காது, பொகை வரும், அவ்ளோதான்!"

மலைக்கா, எருமை வீட்டுக்கா

மறுநாள் ஆளே மாறி வந்தார். மச்சான் சொல்லிவிட்டாராம்: மாற்றுவதுதான் மாற்றுகிறாய், பெரிய டர்போ இன்ஜினாகப் போடு, வண்டி பறக்கும். நான் பொறுமையாக விளக்கினேன். பெரிய இன்ஜின் வைத்தால் கியர் பாக்ஸ் தாங்காது. அதை மாற்றினால் ஆக்சில் தாங்காது. ரேடியேட்டர் போதாது. கடைசியில் பழைய ஜீப்பில் மிஞ்சுவது ஹாரன் ஒன்றுதான். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "அப்ப டர்போவே போட்டுடு" என்றார்.

நல்லவேளையாக அன்றைக்கு அவர் மனைவி சுலோச்சனா அக்காவும் வந்திருந்தார். பால் வியாபாரம் அக்காவுடையது. அண்ணன் வண்டி ஓட்டுகிறவர், அவ்வளவுதான். ஏரித் தண்ணீர் பரவும் தரையான உள்வாயைச் சுற்றி இருபத்திரண்டு வீட்டில் பால் கறந்து வாங்கி, வாலாஜாபாத்தில் இருக்கும் பால் சென்டரில் காலையும் மாலையும் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். காய்ந்த நாளில் வாடகை லோடு ஆட்டோ போய் வந்துவிடும். மழை விழுந்தால் உள்வாய் முழுக்கக் களிமண் சேறு, இந்த ஜீப்பைத் தவிர வேறொன்றும் நுழையாது. தொடர்ந்து மூன்று வேளை பால் வராவிட்டால் ரூட்டை வேறு ஆளுக்கு எழுதிவிடுவதாகச் சென்டரில் முன்பே சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து ஊர் வேன்காரர் அதற்காகவே காத்திருக்கிறார். ஆகையால் ஐப்பசி மழைக்கு முன்னால் இந்த இன்ஜின் ஓட வேண்டும். இதை என்னிடம் சொல்லிவிட்டு அக்கா புருஷன் பக்கம் திரும்பினார்.

"ஏன்யா, நாம இன்னா மலையா ஏறப் போறோம்? எரும வூட்டு வாசலாண்ட போயி நின்னா போதாது?"

எத்தனை ஈத்து?

சென்னையில் பழைய வண்டி சாமான் விற்கும் தெரு ஒன்றில் அதே வகை இன்ஜின் ஒன்று கிடைத்தது. நான் இன்ஜின் மூச்சு விடும் பிரீதர் குழாயில் கையை வைத்துக் காற்று பார்த்தேன், கிராங்க்கைத் திருப்பிக் கனம் பார்த்தேன். அண்ணன் தன் வழியில் பார்த்தார். மாட்டுச் சந்தையில் எருமை பார்க்கிற மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்கம் குனிந்தார். பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு கடைக்காரரிடம், "இதுக்கு எத்தினி ஈத்து ஆயிருக்கும்?" என்று கேட்டார். எருமை எத்தனை முறை கன்று போட்டது என்பது போல, எத்தனை முறை பிரித்து வேலை பார்த்தது என்று கேட்கிறாராம். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேலே காகம் ஏதாவது பறக்கிறதா என்று பார்த்தேன்.

கடைக்காரர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: ஏழு நாளைக்குள் ஏதாவது கோளாறு என்றால் மாற்றித் தருவார், ஆனால் நாங்கள் எதையும் பிரித்திருக்கக் கூடாது. அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் போல்ட்டில் பெயின்ட்டால் அடையாளமும் வைத்துவிட்டார். ஆயில் ஊற்றும் வாய்க்கு மூடி இல்லை. அது பக்கவாட்டில் இருந்து நேராக சம்ப்புக்கு இறங்கும் குழாய், வழியில் தூசி போனால் வம்பு. என் பையில் இருந்த பட்டு நூல் கழிவை ஒரு பிடி சுருட்டி அடைத்தேன். மற்ற ஊர் ஷெட்களில் கை துடைக்கப் பருத்திக் கழிவு வாங்குவார்கள். எங்களுக்குத் தறி வீடுகளில் இருந்து பட்டு நூல் முனைகளே கூடை கூடையாக வந்துவிடும். வண்டியில் ஏற்றிக் கிளம்பிய பிறகும் அண்ணனுக்கு மனசு ஆறவில்லை.

"சந்தையில மாட்டுக்காரன் வாயத் தொறந்து பல்லக் காட்றான். இவன் அடிமூடியக் கூட தொட வுடமாட்டேன்றானே, இது இன்னா யாவாரம்?"

நம்பர்

புது இன்ஜினுக்கு வேறு நம்பர். அதை ஆர்.சி. புத்தகத்தில் மாற்றி எழுத வேண்டும், அதற்கு மனு, அதிகாரி பார்வை என்று அலைய வேண்டும். அண்ணனிடம் எல்லாம் சொன்னேன். அலைவானேன், புதுசின் மேல் பழைய நம்பரையே வெட்டிவிடு என்றார். அண்ணே, அது குற்றம், இரண்டு பேரும் உள்ளே போவோம் என்று என்னால் முடிந்த அளவு சத்தமாகவே சொன்னேன். அவருக்கு அதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று கடைசி வரை விளங்கவில்லை.

"பேரன் பொறந்தா தாத்தா பேர வைக்கறதில்லியா?"

டார்ச் பிடித்தவர்

பழைய இன்ஜினை இறக்கும்போது இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்க்கிற போல்ட்களில் மேல் போல்ட் ஒன்று உண்டு. அதை மாட்டியவன் நிச்சயம் என் எதிரியாகத்தான் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, கை போனால் ஸ்பேனர் போகாது, ஸ்பேனர் போனால் கை வராது. நான் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அதோடு ஒன்றரை மணி நேரம் போராடினேன். டார்ச் பிடிக்க அண்ணன் தானாக முன்வந்தார்.

டார்ச் பிடிக்கிறவர்களைப் பற்றி உங்களுக்கும் தெரிந்திருக்கும். வெளிச்சம் என் கைக்குப் போகாது. அவர் எதைப் பார்க்க ஆசைப்படுகிறாரோ அங்கே போகும். ரோட்டில் யாராவது "இன்னா முனிரத்தினம், இன்ஜினா?" என்று கேட்டால் வெளிச்சமும் திரும்பி ரோட்டுக்குப் போய் வணக்கம் சொல்லிவிட்டு வரும். மூன்றாவது முறை ஸ்பேனர் நழுவி என் விரல் முட்டியில் தோல் உரிந்தபோது, அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம், எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன். அவர் குனிந்து, டார்ச்சை நன்றாகத் தன் பக்கம் சாய்த்து, நிதானமாகப் பார்த்தார்.

"எனக்கு நல்லா தெரிதே தம்பி. ஒனக்கு ஏன் தெரில?"

ஒரு விரல் அகலம்

புதுசை ஏற்றி உட்கார வைத்தால், இடது பக்கத் தாங்கி ஒரு விரல் அகலம் தள்ளி நிற்கிறது. அதே கம்பெனி, அதே வகை, ஆனால் வேறு வருடத்து வார்ப்பு. இது எதிர்பார்க்க வேண்டியதுதான். தாங்கியை அளவெடுத்து, பாயிடம் கொடுத்து ஓட்டையை நகர்த்தி, தடித்த பட்டை ஒன்று வைத்துப் பற்ற வைக்க வேண்டும். ஒரு நாள் வேலை.

அண்ணனுக்கு ஒரு நாள் அதிகமாகத் தோன்றியது. சம்மட்டியால் ஓங்கி இரண்டு வைத்தால் நகர்ந்து கொடுக்கும் என்றார். நகராது என்றேன். அப்படியானால் கயிறு கட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டே போல்ட் போடு, ஓட ஓடப் பழகிவிடும் என்றார். பாபு பாய் அதிகம் பேசுகிறவர் இல்லை. லேத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"அண்ணே, இது பங்காளித் தகராறு இல்ல, ஆளுக்குக் கொஞ்சம் வுட்டுக் கொடுக்கறதுக்கு. இரும்பு."

நல்ல நேரம்

எட்டாம் நாள். காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டே வந்துவிட்டார் அண்ணன்: ஒன்பதே காலில் இருந்து பத்தே காலுக்குள் ஸ்டார்ட் ஆக வேண்டும், அதற்குப் பிறகு ராகு காலம். எனக்கோ தாங்கியின் கடைசி போல்ட்டுக்கான வாஷர் இன்னும் பாபு பாயின் லேத்தில்தான் இருந்தது. டீசல் குழாயில் சிக்கிய காற்றையும் எடுக்கவில்லை. நான் லேத்துக்கு ஓடி வாஷரோடு திரும்பினால், "நேரம் போவுதேன்னு ஆயில நானே ஊத்திட்டேன். நீ மத்த வேலையப் பாரு" என்றார். ஆயில் அளவுகோலை எடுத்துப் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது. எட்டு நாளில் அவர் செய்த முதல் உபகாரம் என்று மனசுக்குள் நன்றி கூடச் சொன்னேன்.

டீசல் குழாயைத் தளர்த்திக் காற்றெடுத்தேன். அப்படி எடுக்கும்போது டீசல் வழிந்து தரையில் கொட்டும், கொட்டியது. நான் குனிந்து கடைசி நட்டை முடுக்கி நிமிர்கிறேன், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், அந்த டீசல் குட்டைக்கு ஒரு ஜாண் தூரத்தில், தட்டில் கற்பூரம் எரிகிறது. என் வாயில் இருந்து வந்தது பேச்சு இல்லை, வெறும் காற்று. சுலோச்சனா அக்காதான் தட்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கே ஓடினார். பத்தேகால் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்தது. கற்பூரத்துக்காக அண்ணன் என்னைக் கோபித்துக்கொண்டார்.

"சாமி கும்பிடற எடம், டீசலத் தொடச்சி வெச்சிருக்கக் கூடாதா தம்பி?"

சிவப்பு விளக்கு

இன்ஜின் என்னவோ வெண்ணெய் மாதிரிதான் ஓடியது. ஆனால் ஆயில் அழுத்தம் காட்டும் சிவப்பு விளக்கு அணையவில்லை. பத்து எண்ணுவதற்குள் சாவியைத் திருப்பி நிறுத்தினேன். விளக்கின் சுவிட்ச் கெட்டிருக்கலாம் என்று அளவுமானி மாட்டிப் பார்த்தேன். முள் ஏறவில்லை. ஆயில் மேலே போகவில்லை. அப்படியே ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் இன்ஜின் சுற்றாமல் இறுகிக் கட்டிக்கொள்ளும். "செவப்பு நல்ல நெறந்தானே, எரிஞ்சிட்டுப் போவுது" என்றார் அண்ணன்.

சென்னைக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். என் வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தமாகப் பேசினேன். ஓட்டை இன்ஜினைத் தலையில் கட்டிவிட்டீர்களே என்று ஆரம்பித்து, என்னென்னவோ சொன்னேன். அவர் நிதானமாக, பிரிக்காமல் கொண்டு வா, வேறு தருகிறேன், ஆனால் இதே வகை வர பத்து நாள் ஆகும் என்றார். மறுநாள் மாலை தூறல். பத்தாம் நாள் நல்ல மழை. லோடு ஆட்டோ உள்வாய் ஓரத்தில் புதைந்து அன்று மாலைப் பால் போகவில்லை. அதற்கடுத்த நாள் காலைப் பால் ஒரு டிராக்டரைக் கெஞ்சிப் போய்ச் சேர்ந்தது. டிராக்டர்காரர் தினமும் முடியாது என்றுவிட்டார்.

இப்போது இரண்டு வழி. பிரிக்காமல் அனுப்பிப் பத்து நாள் காத்திருப்பது, ரூட் போய்விடும். அல்லது சம்ப்பைத் திறப்பது, திறந்த பிறகு இன்ஜின்தான் கெட்டது என்று தெரிந்தால் மாற்றித் தர ஆள் கிடையாது. ஏழு நாள் கெடுவில் மிச்சம் இருந்தது அன்றைக்கு ஒரு நாள். எந்த வழியைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதையும் ஒளிக்காமல் சொன்னேன். அக்கா கூரைக்கு வெளியே கையை நீட்டி மழையைப் பார்த்தார். அண்ணன் வாயைத் திறந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"மூடி வெச்ச பானையவே பாத்துக்கினு ஒக்காந்திருந்தா உள்ள இன்னா இருக்குதுன்னு தெரியுமா? தொறடா கண்ணு, வர்றத நான் பாத்துக்கறேன்."

வடிகட்டி

ஜீப்பில் சம்ப்புக்கு நேர்க் கீழே முன் ஆக்சில் படுத்திருக்கும். திறக்க வேண்டுமானால் ஏற்றிய இன்ஜினை மறுபடி தூக்க வேண்டும். தூக்கினேன். தாங்கி, கிளட்ச், குழாய், எல்லாம் மறுபடி. அந்த இடைவெளியில் அன்று மாலைப் பால் போகவில்லை, மறுநாள் காலைப் பாலும் போகவில்லை. இருபத்திரண்டு வீட்டிலும் தயிராய்த் தயிர். இன்னும் ஒரு வேளை தவறினால் முடிந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை சம்ப்பை இறக்கினேன். ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்பும் பம்பின் வாயில் ஒரு சல்லடை உண்டு. அந்தச் சல்லடை மேல் பஞ்சு மெத்தை மாதிரி இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு கிடந்தது, மாம்பழக் கலரும் அரக்குக் கலரும் கலந்த பட்டு நூல். பருத்தியாக இருந்தால் கூழாகியிருக்கும். பட்டு அல்லவா, ஒரு இழை அறுபடவில்லை. நான் அடைத்த நூல்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆயில் ஊற்றும்போது அதை எடுத்துவிட்டுத்தானே ஊற்ற வேண்டும்? மெல்லத் தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தேன். எடுக்கவில்லையாம். கொஞ்சம் பிரித்துத் தளர்த்தி, அதன் வழியாகவே ஊற்றினாராம். ஊற்ற ஊற்ற நூல் உள்ளே போய்விட்டதாம். உள்ளே போனால் என்ன, அங்கேயும் வடிகட்டத்தானே போகிறது என்று விட்டுவிட்டாராம்.

பேரிங் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன், நல்லவேளை, கீறல் இல்லை. உட்கார்ந்து ஒவ்வொரு இழையாக உருவினேன். பிறகு சென்னைக்குப் போன் போட்டு, அந்தக் கடைக்காரரிடம் என் பழைய குரலிலேயே மன்னிப்புக் கேட்டேன். மூடி இல்லாத வாயில் நூலை அடைத்தவன் நான், எடுத்துவிட்டு ஊற்ற வேண்டும் என்று அண்ணனுக்குச் சொல்லாமல் விட்டவனும் நான். அண்ணன் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

"வடிகட்டாம பாலு ஊத்துவமா தம்பி? ஆயிலு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி?"

ஏரி உள்வாய்

அன்று நாலு மணிக்கு இன்ஜின் ஓடியது, சிவப்பு விளக்கு இரண்டு எண்ணுவதற்குள் அணைந்தது. மழை மட்டும் அணையவில்லை. மாலைப் பால் சென்டருக்கு ஏழு மணிக்குள் போக வேண்டும். சோதனை ஓட்டம் அது இது என்று சொல்ல நேரமில்லை. அண்ணன் ஓட்ட, நான் பக்கத்தில், அக்கா பின்னால் கேன்களுக்கு நடுவில். வீடு வீடாக நின்று பால் வாங்கினோம். கடைசி வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே உள்வாய்ச் சேறு முழங்கால் ஆழம். நாலு சக்கர லிவரைப் போட்டு இரண்டாவது கியரில் இறக்கினார். நான் ரோட்டையும் பார்க்கவில்லை, மழையையும் பார்க்கவில்லை. அந்த விளக்கு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரியாக நட்ட நடுவில், சக்கரம் பாதி புதைந்திருக்கும்போது, அண்ணன் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பி இன்ஜினையும் அணைத்துவிட்டார். "ஏண்ணே?" என்றேன். எவ்வளவு சுலபமாக ஸ்டார்ட் ஆகிறது என்று எனக்குக் காட்டப் போகிறாராம். எனக்கு! பின்னால் இருந்து அக்காவின் கை அவர் பிடரியில் விழுந்த சத்தம் மழையிலும் கேட்டது. சாவியைத் திருப்பினார். ஒரே சுற்று, பிடித்தது. சேறு நாலு பக்கமும் தெறிக்க, எருமை குட்டையில் இருந்து எழுகிற மாதிரி ஜீப் முக்கி எழுந்து கரை ஏறியது. நான் மூச்சு விட்டேன்.

சென்டரில் ஏழுக்குப் பத்து நிமிடம் இருந்தது. பக்கத்து ஊர் வேன்காரர் வாசலில் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார். அக்கா அவரை ஏறெடுத்தும் பார்க்காமல் முதல் கேனைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினார். பாலை அளந்து ரசீது வாங்கிய பிறகுதான் சுவரில் சாய்ந்து ஒரு நிமிடம் கண்ணை மூடினார். அதற்குள் வெளியே அண்ணனைச் சுற்றி ஏழெட்டுப் பால்காரர்கள். பானெட் திறந்திருந்தது. உள்ளே கையை நீட்டி நீட்டி அவர் விளக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றதும் என் தோளில் கையைப் போட்டார்.

"பன்னெண்டு நாளு ராப்பகலா கூடவே நின்னு மாத்தினேன்பா. சும்மா சொல்லக்கூடாது, தம்பியும் நல்லா ஒத்தாச பண்ணான்."

ஒரு பழைய ஜீப்பில் இருந்து எதை வேண்டுமானாலும் கழற்றி இறக்கி வேறு மாற்றிவிடலாம் என்று பன்னிரண்டு நாளில் கற்றுக்கொண்டேன், வண்டிச் சொந்தக்காரர் ஒருவரைத் தவிர.